ஐஸ் ஹொக்கி கோல் காப்பாளராக ஆசைப்படும் மகன்: கிளிநொச்சித் தாய் ஒருவருக்குப் பதில்

அம்மா, உங்கள் மகனுக்குப் பன்னிரண்டு வயது, தரம் 7, பாடசாலை உதைபந்தாட்ட அணியின் கோல் காப்பாளர். அப்பா ஸ்காபரோவில் இருக்கிறார். ஸ்பொன்சர் அலுவல் சரிவந்தால் அடுத்த வருடம் நீங்கள் மூவரும் புறப்படுவீர்கள். பெரியப்பாவின் மகன் அனுப்பும் வீடியோக்களைப் பார்த்துவிட்டு, "நான் என்.எச்.எல். கோலியாகப் போறன், பிறகேன் எனக்குக் கணக்கு" என்று பிள்ளை கேட்பதாக எழுதியிருக்கிறீர்கள். என்.எச்.எல். என்பது வட அமெரிக்காவின் முதன்மை ஐஸ் ஹொக்கி லீக். கண்டித்து நிறுத்துவதா, விட்டுப் பிடிப்பதா என்பது உங்கள் கேள்வி.

விட்டுப் பிடியுங்கள். ஆனால் கணக்குப் புத்தகத்தை மூட விடாதீர்கள். ஐஸ் ஹொக்கியில் எல்லோரையும்விடப் பிந்தி முற்றுகிறவர் கோல் காப்பாளர்தான். பதினெட்டு வயதில் தாக்குதல் வீரர்கள் சிலர் பெரிய அணிகளில் ஆடத் தொடங்கிவிடுவார்கள். காப்பாளர்கள் பலர் இருபத்துநான்கு, இருபத்தைந்துக்குப் பிறகுதான் நிலைகொள்கிறார்கள். அந்த இடைப்பட்ட வருடங்களை வீணாக்காமல் காத்திருக்க அவர்களுக்குக் கிடைக்கும் மிக நல்ல இடம் பல்கலைக்கழக அணி. பரீட்சையில் சித்தியடையாதவனுக்கு அந்த வாசல் இல்லை. மகனிடம் இதை இப்படியே சொல்லுங்கள். "படிக்காவிட்டால் மண்வெட்டி" என்ற பழைய மிரட்டலைவிட இது அவனுக்கு ஏறும்.

இரண்டு பெயர்களை அவனே தேடிப் பார்க்கட்டும். ரிம் தோமஸ், என்.எச்.எல். அணிகள் இளம் வீரர்களை முறை வைத்து எடுக்கும் 1994ஆம் ஆண்டுத் தெரிவில் 217ஆவதாக எடுக்கப்பட்டவர். வெர்மொண்ட் பல்கலைக்கழகத்தில் ஆடிவிட்டு, பின்லாந்திலும் சுவீடனிலும் சிறிய லீக்குகளிலும் பல வருடம் அலைந்து, முப்பது கடந்த பிறகே என்.எச்.எல்.-இல் முதல் காப்பாளரானார். 2011இல் பொஸ்ரன் அணிக்கு லீக்கின் வெற்றிக் கிண்ணமான ஸ்ரான்லி கிண்ணம் கிடைத்தபோது அவருக்கு வயது 37. கொனர் ஹெலபக் 2012இல் 130ஆவது தெரிவு. மாசசூசெற்ஸ் லோவல் பல்கலைக்கழகத்தில் ஆடி மேலே வந்து, 2025இல் லீக்கின் பெறுமதிமிக்க வீரர் விருதை வாங்கினார்.

இனிக் கணக்கு. என்.எச்.எல்.-இல் 32 அணிகள். போட்டி நாளில் ஓர் அணியில் இரண்டு காப்பாளர்கள், ஒருவர் நிற்பார், மற்றவர் வாங்கில் இருப்பார். ஆக உலகம் முழுவதற்கும் 64 இடங்கள். தாக்குதல் வீரர் சோர்ந்தால் பயிற்றுநர் அவருக்கு நேரத்தைக் குறைத்துக் கொடுத்துப் பார்க்கலாம். காப்பாளருக்கு அப்படி நடுப்படி கிடையாது, நிற்கிறார் அல்லது இருக்கிறார். 2025-26 பருவத்தில் அந்த லீக்கின் ஆகக் குறைந்த ஆண்டுச் சம்பளம் 7,75,000 அமெரிக்க டொலர். கேட்க நன்றாக இருக்கிறது. அதற்குக் கீழே ஏ.எச்.எல்., அதற்கும் கீழே ஈ.சி.எச்.எல். என்று இறங்க இறங்கச் சம்பளம் செங்குத்தாக விழும். ஈ.சி.எச்.எல்.-இல் வாரக் கூலிதான், அதுவும் பருவம் நடக்கும் மாதங்களுக்கு மட்டும். தங்குமிடத்தை அணி தரும். தொழில்முறைக் காப்பாளர்களில் பலருடைய வாழ்க்கை இந்தப் படிகளில்தான் கழிகிறது.

வயதுக் கணக்குத்தான் உங்கள் மகனுக்குக் கடினமானது. மறைக்காமல் சொல்கிறோம். கனடாவில் பிறந்த வருடத்தை வைத்து யூ7 (ஏழு வயதுக்கு உட்பட்டோர்), யூ9, யூ11, யூ13, யூ15, யூ18 என்று பிரிப்பார்கள். அவன் போய் இறங்கும்போது யூ15 வயதில் நிற்பான். ஒன்ராறியோவின் பெரிய இளையோர் லீக்கான ஓ.எச்.எல். தன் வீரர்களைப் பதினைந்து, பதினாறு வயதில் தெரிவு செய்கிறது. அங்கே நிற்கும் பிள்ளைகள் ஐந்து வயதிலிருந்து பனியில் நடந்தவர்கள். அந்த வாசல் உங்கள் மகனுக்குத் திறக்காது என்று வைத்துக்கொண்டே திட்டம் போடுங்கள். உள்ளூர்ச் சமூக லீக், அதாவது ஹவுஸ் லீக், அவனுக்குத் திறந்திருக்கும். முயன்றால் உயர்பாடசாலை அணி, பிறகு பல்கலைக்கழகத்தின் கழக மட்டம். அதற்கு மேல் போனால் அது அவன் கெட்டித்தனம்.

உங்கள் ஊரில் பனித்தளம் இல்லை என்று கவலைப்பட்டிருக்கிறீர்கள். பனி இல்லாமலே பழகக்கூடியது நிறைய உண்டு.

பக் என்பது 7.6 சென்ரிமீற்றர் விட்டமும் 2.5 சென்ரிமீற்றர் தடிப்பும் உள்ள கெட்டி றப்பர் வட்டு, நிறை 156 முதல் 170 கிராம். மணிக்கு 145 கிலோமீற்றர் வேகத்தில் வந்தால் பத்து மீற்றரைக் கால் செக்கனில் கடந்துவிடும். அதைப் பார்த்துவிட்டுக் கையை நீட்டினால் பிந்திவிடும். வருமுன்னே சரியான இடத்தில் நிற்பதுதான் இந்தத் தொழில். அந்த இடத்தைக் கயிறு கட்டிக் கற்பிக்கலாம். கோல் வாய் 183 சென்ரிமீற்றர் அகலம், 122 சென்ரிமீற்றர் உயரம். அந்த அளவில் பீ.வீ.சி. குழாயாலோ மூங்கிலாலோ சட்டம் அடித்து, பின்னால் பழைய மீன்வலையைத் தொங்கவிடுங்கள். நேர் முன்னால் ஐந்து மீற்றரில் ஒரு பந்தை வைத்து, இரு கம்பங்களின் அடியிலிருந்தும் பந்துவரை இரண்டு கயிறுகளை இழுத்துக் கட்டுங்கள். மகன் கோல் கோட்டில் நின்றால் கயிறுகளுக்கு இடையே அவன் மறைக்க வேண்டியது 183 சென்ரிமீற்றர். ஒரு மீற்றர் முன்னே வந்தால் 146, ஒன்றரை மீற்றர் வந்தால் 128. அப்படியானால் இன்னும் முன்னே போகலாமே என்று கேட்பான். அப்போது பந்தைச் சட்டென்று இரண்டு மீற்றர் பக்கத்துக்கு நகர்த்திக் காட்டுங்கள், முதுகுக்குப் பின்னால் கோல் வெறுமையாகக் கிடக்கும். எவ்வளவு முன்னே, எப்போது பின்னே என்பது இந்தக் கயிற்றில் புரியும். பந்தின் இடத்தை மாற்றி மாற்றி, காலை வெயில் ஏறுமுன் அரை மணித்தியாலம் போதும்.

உதைபந்தில் பழகிய ஒன்றை மட்டும் அவன் மறக்க வேண்டிவரும். அங்கே பாய்ந்து பிடிப்பது வீரம். பனியில் பாய்ந்தவன் விழுந்து கிடப்பான், திரும்பி வரும் பக் உள்ளே போகும். கால்களை நகர்த்தி, மார்பைப் பந்துக்கு நேராக வைத்து, இருந்த இடத்தில் தாழ்வதே முறை. இரண்டாவது, இரு கையாலும் அணைக்கும் பழக்கம். ஹொக்கியில் பெரும்பாலான காப்பாளர்கள் இடக்கையால் பிடித்து, வலக்கையில் மட்டையும் தட்டுக் கையுறையும் வைத்திருப்பார்கள். வலக்கையில் ஒரு தும்புத்தடிக் காம்பைக் கொடுத்து, மூன்று மீற்றர் தூரத்திலிருந்து ரெனிஸ் பந்தைச் சுவரில் எறிந்து இடக்கையால் பிடிக்கச் சொல்லுங்கள். தினம் பதினைந்து நிமிடம்.

ஒன்றை அடியோடு தடுத்துவிடுங்கள். வீடியோவில் பார்த்த 'பட்டர்ஃபிளை', அதாவது முழங்கால்களைச் சேர்த்து இறக்கிப் பாதங்களை இருபுறமும் விரிக்கும் நிலை, சீமெந்துத் தரையில் வேண்டாம். முழங்கால் அடிபடும். அதைவிட முக்கியம் இடுப்பு மூட்டு. அந்த நிலையில் தொடையெலும்பு உள்நோக்கித் திருகி மூட்டுக் குழியின் விளிம்பில் முட்டும். எலும்பு வளரும் பருவத்தில் இதை ஓயாமல் செய்யும் பிள்ளைகளுக்குத் தொடையெலும்பின் தலைப்பகுதி தடித்துப் பிற்காலத்தில் குருத்தெலும்பு கிழியலாம். பொஸ்ரன் அணியின் ரூக்கா ராஸ்க் இடுப்புச் சத்திரசிகிச்சைக்குப் பின் திரும்பி வந்து பார்த்து, முடியாமல் 2022இல் ஓய்வு பெற்றார். கனடாவுக்குப் போன பிறகும் வருடம் முழுக்கக் காப்பாளர் பயிற்சி மட்டும் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். கோடையில் உதைபந்து, நீச்சல், பட்மின்ரன் எதுவானாலும் ஆடட்டும். கவட்டில் நோகுது என்று பிள்ளை சொன்னால், தசைப்பிடிப்பென்று எண்ணெய் தேய்த்து அனுப்பாமல் வைத்தியரிடம் காட்டுங்கள். புறப்படுமுன் கண்ணையும் ஒருமுறை பரிசோதித்துவிடுங்கள். கிட்டப்பார்வை இருந்தும் தெரியாமல் ஆடும் பிள்ளைகள் உண்டு.

அங்கே போனதும் முதலில் கோல் வேண்டாம், ஸ்கேற்றிங். அணியில் நன்றாகச் சறுக்கத் தெரிந்தவர் காப்பாளராக இருக்க வேண்டும், தெரியாதவரைக் கோலுக்குள் ஒதுக்கி வைப்பது பிழை. ரொறன்ரோ மாநகரசபையின் வெளிப்புறப் பனித்தளங்களில் குளிர்காலத்தில் இலவசமாகச் சறுக்கலாம். கட்டணம் கட்டிப் பழகும் வகுப்புகளும் உண்டு. ஹெல்மெற் கட்டாயம் என்று நினைத்துக்கொள்ளுங்கள். பருவம் செப்ரெம்பர் அளவில் தொடங்கி மார்ச் வரை ஓடும். பதிவு அதற்குப் பல மாதம் முந்தியே நிரம்பிவிடும் என்பதால் அப்பா கோடை தொடங்கும்போதே விசாரிக்கட்டும். பிறப்புச் சான்றிதழின் ஆங்கில மொழிபெயர்ப்பு, வதிவிட ஆதாரம் இரண்டும் தேவைப்படும். ஒன்ராறியோவில் பெற்றோரில் ஒருவர் விளையாட்டில் மரியாதை பற்றிய இணையவழிப் பாடம் ஒன்றையும் முடிக்க வேண்டும். தடுப்பூசி அட்டையைப் பாடசாலை கேட்கும், அதையும் கையோடு கொண்டுபோங்கள்.

காப்பாளரின் உடுப்புத்தான் பெற்றோரைப் பயமுறுத்துவது. எல்லாம் புதிதாக, உயர்ரகமாக வாங்கினால் ஆயிரக்கணக்கான டொலர். ஆனால் காப்பாளருக்கு எங்கும் தட்டுப்பாடு, ஆகவே பல சமூக லீக்குகள் கால் காப்பையும் கையுறையையும் இரவல் தரும், கட்டணத்தையும் குறைக்கும். கேட்டால்தான் கிடைக்கும், கூச்சப்படாமல் கேட்கச் சொல்லுங்கள். கால் காப்பு, மார்புக் கவசம், மட்டை பழையதாக இருந்தால் பரவாயில்லை. கழுத்துக் காப்பும் உள்ளாடைக் கவசமும் புதிதே வேண்டும். முகமூடியில் தரச்சான்று ஒட்டி இருக்கிறதா, வெடிப்பு உண்டா என்று பார்க்க வேண்டும்.

நம்மவர்கள் அதிகம் தவறுவது அளவில். வளருகிற பிள்ளைதானே என்று ஒரு சைஸ் பெரிதாகக் கால் காப்பு எடுப்பார்கள். பிள்ளையின் முழங்கால், கால் காப்பின் நடுக்கட்டில் வந்து அமர வேண்டும். பெரிதானால் முழங்கால் கீழே நழுவி, தாழும்போது இரண்டு காப்புகளும் சேராமல் நடுவில் ஓட்டை விடும், கோல்கள் அதற்குள்ளால் போகும். ஸ்கேற்ஸ் அணிந்தபடி கணுக்கால் மடிப்பிலிருந்து முழங்கால் சில்லின் நடுவரை அளந்து எடுக்கச் சொல்லுங்கள். கால் நுனியில் கட்டும் கயிறும் இறுக்கமாக இருக்கக் கூடாது. காப்பு காலைச் சுற்றித் திரும்ப இடம் வேண்டும், திரும்பாவிட்டால் அந்தத் திருகலை முழங்காலும் இடுப்பும் வாங்கும்.

ஹவுஸ் லீக்கில் வாரம் ஒரு பயிற்சி, ஒரு போட்டி. அப்பாவின் ஷிப்ற் வேலைக்கு அது தாங்கும். மேல்மட்டமான மும்மை ஏ (AAA) அணிகளில் வாரம் நான்கு, ஐந்து நாள் ஓட்டம், செலவு வருடத்துக்குப் பத்தாயிரம் டொலரைத் தாண்டுவதும் புதினமில்லை. இதிலேதான் ஏமாற்றும் நுழைகிறது. "பையனிடம் திறமை இருக்கு, எங்கள் இளையோர் அணிக்கு இவ்வளவு கட்டுங்கள், அமெரிக்கப் பல்கலைக்கழகம் பார்த்துக்கொள்ளும்" என்று பேசுகிறவர்கள் வருவார்கள். ஓ.எச்.எல். போன்ற உயர்மட்ட இளையோர் லீக்குகள் பிள்ளையிடம் காசு வாங்குவதில்லை. மாறாக, அங்கே ஆடிய பருவங்களுக்கேற்பப் படிப்புச் செலவைத் தருகின்றன. ஆயிரக்கணக்கில் கேட்கும் அணி தன் செலவுக்குத்தான் ஆள் தேடுகிறது. வீட்டுக் கடனை வைத்து இதற்குள் இறங்க வேண்டாம். 2025 ஓகஸ்டிலிருந்து அந்த லீக்குகளில் ஆடியவர்களும் அமெரிக்கப் பல்கலைக்கழக அணிகளில் சேரலாம் என்று விதி மாறியிருக்கிறது. அதனால் அந்த இடங்களுக்குப் போட்டி இன்னும் கூடும், பெறுபேறு நல்லாக இருப்பவனுக்கே முன்னுரிமை.

மகன் வீரனாக மேலே போகாவிட்டாலும் இந்த விளையாட்டு அவனுக்குச் சோறு போடக்கூடும். ட்ரினிடாட்டில் பிறந்து ரொறன்ரோவில் வளர்ந்த சுதர்சன் மகராஜ், யோர்க் பல்கலைக்கழக அணியிலும் சுவீடனிலும் காப்பாளராக ஆடி, பிறகு என்.எச்.எல். அணிகளில் காப்பாளர் பயிற்றுநரானவர். உடலியக்கவியல், பிசியோதெரபி, நடுவர் பணி, உபகரணப் பராமரிப்பு எல்லாம் இதே மைதானத்துத் தொழில்கள். முதல் இரண்டுக்கும் உயிரியலும் கணக்கும் வேண்டும். பயணம் தள்ளிப்போனாலும் கெட்டுப்போகாது. இங்கேயே உயர்தரத்தில் உயிரியல் பிரிவு எடுத்தால் கொழும்பிலும் பேராதனையிலும் பிசியோதெரபிப் பட்டம் உண்டு, விளையாட்டு விஞ்ஞானத்துக்குச் சப்ரகமுவப் பல்கலைக்கழகம் இருக்கிறது.

கடைசியாக, உங்கள் கடிதத்தில் ஒரே வரியில் வந்துபோன தங்கச்சி. எட்டு வயது, அண்ணன் உதைக்கும் பந்துக்கு அவள்தான் கோலில் நிற்கிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். அண்ணனுக்குப் பிந்திவிட்ட காலம் அவளுக்கு இன்னும் கையில் இருக்கிறது. பெண்களுக்கான தொழில்முறை லீக்கான பீ.டபிள்யூ.எச்.எல். 2024 ஜனவரியில் ஆறு அணிகளோடு தொடங்கி, 2025-26இல் எட்டானது. முதற் பருவத்தில் ஆகக் குறைந்த சம்பளம் 35,000 அமெரிக்க டொலர். பெண்கள் ஹொக்கியில் மேல்மட்டத்துக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் பல்கலைக்கழக அணி வழியாகத்தான் போகிறார்கள். கனடாவில் ஆறு முதல் பத்து வயதுப் புதியவர்களுக்காக 'ஃபர்ஸ்ட் ஷிப்ற்' என்றொரு திட்டம் நடக்கிறது, உடுப்பு முழுவதும் அதற்குள்ளேயே அடங்கும். பத்து முடியுமுன் போய்ச் சேர்ந்தால் அவளை அதில் பதியுங்கள். கயிறு கட்டிப் பழக்கும்போது அவளையும் சேர்த்து நிறுத்துங்கள், பந்தெடுத்துக் கொடுக்கிறவளாக அல்ல, முறை வைத்துக் கோலில் நிற்கிறவளாக.