மிச்சத்தை முடித்து வைப்பவர்

அன்புள்ள அம்மா,

எனக்கு வயது 41. சோழிங்கநல்லூரில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை. உயரம் 172 செ.மீ. போன வருடம் எடை 94 கிலோ இருந்தது. சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது, குறைத்தே ஆகவேண்டும் என்றார் டாக்டர். நான்கு மாதத்தில் 86-க்கு வந்தேன். இப்போது மறுபடியும் 89.

எனக்குப் பசி பிரச்சினை இல்லை, கண்தான் பிரச்சினை. ஆபீசில் வெள்ளிக்கிழமைதோறும் அந்த வாரத்துப் பிறந்தநாள்களுக்கெல்லாம் சேர்த்து கேக் வெட்டுகிறார்கள். ஊருக்குப் போய்வருகிறவர்கள் அல்வா, பால்கோவா, கடலைமிட்டாய் என்று கொண்டுவந்து வைக்கிறார்கள். நாலு மணிக்கு டீக்கடையில் வாழைக்காய் பஜ்ஜி. வீட்டுக்கு வந்தால் ஹாலிலேயே முறுக்கு டப்பா. என் டயட்டுக்காக வீட்டில் தனியாகச் சமைக்கிறார்கள், ஆனால் குழந்தைகளுக்குப் பூரி சுடும் வாசனை வந்ததும் எல்லாம் போய்விடுகிறது. இரவில் குழந்தைகள் தட்டில் வைக்கும் மிச்சத்தையும் நான்தான் முடித்து வைப்பேன். சாப்பாட்டை வீணாக்குவது எனக்குப் பிடிக்காது, அப்பா அப்படி வளர்த்துவிட்டார்.

எனக்கு மனக்கட்டுப்பாடு கிடையாதா? எண்ணெய்ப் பலகாரமே செய்யாதே என்று மனைவியிடம் சொல்லலாமா? சோறு, மாவுப் பண்டங்களை ஒதுக்கிக் கொழுப்பைக் கூட்டிச் சாப்பிடும் கீட்டோ டயட்டை முயற்சி செய்யலாமா? தினமும் எடை பார்ப்பது நல்லதா? உயரத்துக்கேற்ற எடைக் கணக்கான பி.எம்.ஐ. 23 என்றால் நான் 68 கிலோவுக்கு வரவேண்டும். நடக்குமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

போன வாரம் பரணை ஒழித்தபோது என் அம்மாவின் ஆழாக்கு கையில் கிடைத்தது. அரிசி அளக்கிற, விளிம்பு நசுங்கிப்போன பித்தளை ஆழாக்கு. அதைப் புளி போட்டுத் தேய்த்து மேஜைமேல் வைத்த அன்றுதான் உங்கள் கடிதம் வந்தது. இல்லாவிட்டால் டயட் பற்றி என்னிடம் கேட்கிற கடிதங்களுக்கு நான் பதில் போடுவதில்லை.

முதலில் சின்ன விஷயங்களை முடித்துவிடுவோம். கீட்டோவை டாக்டரிடம் கேளுங்கள், கதை எழுதுகிறவளிடம் கேட்காதீர்கள். 68 கிலோவை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். அந்த 23 நம்மைப் போன்றவர்களுக்கு வைத்த எல்லைதான், தப்பில்லை. ஆனால் இருக்கிற எடையில் நூற்றுக்கு ஐந்து குறைந்தாலே சர்க்கரையும் ரத்த அழுத்தமும் இறங்க ஆரம்பிக்கும் என்கிறார்கள். 94-லிருந்து 89 என்றால் அந்த ஐந்தை நீங்கள் இப்போதும் தாண்டித்தான் நிற்கிறீர்கள். தோற்றுவிட்ட மாதிரி எழுதியிருக்கிறீர்களே.

மனக்கட்டுப்பாடு என்ற வார்த்தையைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வரும். 1960-களின் கடைசியில் ஸ்டான்ஃபோர்டில் வால்ட்டர் மிஷல் என்ற உளவியலாளர் நர்சரிப் பிள்ளைகள் முன்னால் தின்பண்டத்தை வைத்து, நான் திரும்பி வரும்வரை பொறுத்திருந்தால் கூடுதலாகக் கிடைக்கும் என்று சொல்லிவிட்டுப் போனார். பொறுத்துக்கொண்ட பிள்ளைகள் பல்லைக் கடித்துக்கொண்டு தவம் செய்யவில்லை. கண்ணைப் பொத்திக்கொண்டன, திரும்பி உட்கார்ந்தன, பாட்டுப் பாடின. பண்டம் கண்ணில் படாதபோது இன்னும் அதிக நேரம் தாங்கின. அதை வைத்து அந்தப் பிள்ளைகளின் எதிர்காலத்துக்கே ஜோசியம் சொன்னார்கள், அது பின்னால் அவ்வளவாகத் தேறவில்லை, அதை விடுங்கள். ஹாலில் இருக்கிற முறுக்கு டப்பாவைப் பரணில் ஏற்ற மனக்கட்டுப்பாடு வேண்டாம், ஒரு ஸ்டூல் போதும். கேக் வெட்டும்போது ஒரு கையில் டீ, மறு கையில் போன் வைத்துக்கொள்ளுங்கள். எல்லாரும் கிரீமைப் பார்ப்பார்களே தவிர உங்களைப் பார்க்க மாட்டார்கள். அல்வா நல்ல அல்வாவாக இருந்தால் ஒரு துண்டு எடுத்து, உட்கார்ந்து, ரசித்துச் சாப்பிடுங்கள். போகிற போக்கில் மானிட்டரைப் பார்த்துக்கொண்டே தின்கிற அல்வாதான் பாவம்.

அடுத்தது உங்கள் மனைவி. ‘வீட்டில் தனியாகச் சமைக்கிறார்கள்’ என்று எழுதியிருக்கிறீர்கள். யார் சமைக்கிறார்கள்? ஒருத்தரா, ஒன்பது பேரா? வெள்ளரிக்காய் நறுக்கியதும், கேழ்வரகு தோசைக்குத் தனியாக மாவு கரைத்ததும், பிள்ளைகளுக்கு வேறு உங்களுக்கு வேறு என்று இரண்டு அடுப்பில் நின்றதும் அந்தப் பெண்தானே? அந்த எட்டு கிலோவில் பாதிக்கு மேல் அவள் இறக்கியது. பூரியை நிறுத்தச் சொல்ல மட்டும் ‘மனைவி’ என்று ஞாபகம் வருகிறது, சமைத்ததைச் சொல்லும்போது ‘வீட்டில்’ ஆகிவிடுகிறாள். தம்பி, எனக்குக் கோபம்தான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் எல்லா வரியும் புலம்பல். ஒரே ஒரு வரியைத்தான் பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். குழந்தைகளின் மிச்சத்தை முடித்து வைக்கிற வரி. கேக்கையும் பஜ்ஜியையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டு இதை மட்டும் சாட்சியாக வெளியே உட்கார வைத்துவிட்டீர்கள்.

நான் 1958-ல் கோயம்புத்தூரில் சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு மில் தொழிலாளி வீட்டில் பிறந்தவள். 1965-லும் 66-லும் மழை பொய்த்துவிட்டது. அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த கோதுமைதான் ரேஷனில் கிடைக்கும். அரிசிச்சோறு கண்ட வாய்க்குச் சப்பாத்தி இறங்காமல் நானும் தம்பியும் அழுவோம். லால் பகதூர் சாஸ்திரி திங்கட்கிழமை இரவுச் சாப்பாட்டை விட்டுக்கொடுக்கும்படி நாட்டைக் கேட்டுக்கொண்டதாக அப்பா பேப்பரில் பார்த்துச் சொன்னபோது, அம்மா, “திங்கக்கெழம மட்டும் போதுமாமா?” என்று கேட்டாளாம். 1967-ல் அண்ணா ஆட்சிக்கு வந்தார். ரூபாய்க்கு மூன்று படி அரிசி லட்சியம், ஒரு படி நிச்சயம் என்று சொன்னதில் அந்த ஒரு படி சென்னைக்கும் கோவைக்கும் வந்தது. மில் சங்கு ஊதுவதற்கு முன்னாலேயே நான் போய் வரிசையில் இடம் பிடிப்பேன், அம்மா பின்னால் பையோடு வருவாள்.

அந்த அரிசியை அம்மா இந்த ஆழாக்கால்தான் அளப்பாள். தலைதட்டி அளந்து முறத்தில் கொட்டுவாள். கொட்டின பிறகு அதிலிருந்து ஒரு பிடியைத் திரும்ப எடுத்து மூலையில் இருக்கிற பானைக்குள் போடுவாள். பிடி அரிசி. மாசக் கடைசியில் நாலு நாளைக்கு அதுதான் உலையேறும். சோறு தீருகிற நேரத்தில் குழம்புச் சட்டியை முன்னால் இழுத்து, கடைசிப் பிடிச் சோற்றை அதில் போட்டுப் பிரட்டுவாள். ஓரத்தில் காய்ந்து ஒட்டின மசாலா, கருகின வெங்காயத் துணுக்கு, அடியில் தங்கின எண்ணெய் எல்லாம் சோற்றில் ஏறும். மூன்று உருண்டை வரும். தம்பிக்கு ஒன்று, எனக்கு ஒன்று, சின்னது அவளுக்கு. அதன்பிறகு அந்தச் சட்டியைத் தேய்க்கவே வேண்டாம் போல இருக்கும். அறுபது வருஷமாக நானும் எத்தனையோ ஊரில் சாப்பிட்டாயிற்று. அந்த உருண்டைக்குப் பக்கத்தில் எதுவும் வரவில்லை.

அன்றைக்கு எங்கள் வீட்டில் மிச்சம் என்று ஒன்று கிடையாது, கவனியுங்கள். மிச்சம் பின்னால் வந்தது. எண்பதுகளில் நாங்கள் சம்பாதிக்க ஆரம்பித்தோம், பிரிட்ஜ் வந்தது. ‘வர்றவங்க போறவங்களுக்கு இருக்கட்டும்’ என்று அம்மா ஒரு ஆழாக்கு கூடப் போட ஆரம்பித்தாள். பிடி அரிசியை விட்டுவிட்டாள், சட்டி வழிப்பதை மட்டும் விடவில்லை. முதல் பாதி போய்விட்டது, இரண்டாம் பாதி தங்கிவிட்டது. அப்புறம் சர்க்கரை வந்தது.

என்ன சாப்பிடுகிறீர்கள் என்று டாக்டர் கேட்டபோது அம்மா சொன்னாள்: “மத்தியானம் ரெண்டு கரண்டி சோறு, ராத்திரிக்கு ரெண்டு இட்லி.” அவள் பொய் சொல்லவில்லை. பேரன் விட்ட அரை தோசை, நான் பஸ்ஸுக்கு ஓடும்போது வைத்துவிட்டுப் போன உப்புமா, அடியில் நின்ற பாயசம், இதெல்லாம் அவள் கணக்கில் சாப்பாடே இல்லை. அது பாத்திரம் ஒழிக்கிற வேலை. உட்கார்ந்து தின்றால்தானே சாப்பாடு? சிங்க் ஓரமாக நின்றுகொண்டு, சேலையில் கையைத் துடைத்துக்கொண்டே முடித்துவிடுவாள். ஒருநாள் சர்க்கரை 340 காட்டிய கோபத்தில், “நீ என்ன குப்பைத்தொட்டியா?” என்று கேட்டுவிட்டேன். அம்மா பதில் சொல்லவில்லை. கையிலிருந்த தோசைத் துண்டைத் தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள். அந்தத் துண்டை நானும் எடுக்கவில்லை, கொட்டவும் இல்லை. காலைவரை அங்கேயே கிடந்து விறைத்துப்போனது.

ரொம்ப நாள் கழித்து மினசோட்டா சோதனையைப் பற்றிப் படித்தேன். உலகப்போரின் கடைசியில், 1944-45-ல், ஆன்சல் கீஸ் என்பவர் 36 இளைஞர்களை 24 வாரம் அரைவயிற்றில் வைத்துப் பார்த்தார். உடம்பில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு கரைந்தது. அவர்களில் பலர் சமையல் புத்தகங்களை வாசிக்க ஆரம்பித்தார்கள். தட்டை நக்கினார்கள். தாராளமாகச் சாப்பாடு கிடைத்த பிறகும் சிலருக்கு எவ்வளவு தின்றும் போதவில்லை. அதைப் படித்துவிட்டு அம்மாவின் படத்தை எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர்களுக்கு அது ஆறு மாதம். அவளுக்கு எத்தனை வருஷம்?

உங்களுக்கும் அதில் ஒரு செய்தி இருக்கிறது. நான்கு மாதத்தில் எட்டு கிலோ என்றால் வயிற்றை வாட்டித்தான் இறக்கியிருக்கிறீர்கள். பசி இல்லை, கண்தான் என்கிறீர்களே, அந்தக் கண்ணில் உட்கார்ந்திருப்பது பசிதான். ராத்திரி தட்டோரத்து மிச்சத்துக்குக் கை நீளுவதும் அதுதான், அப்பாவின் பெயரைச் சொல்லிக்கொண்டு நீளுகிறது. மாலை நாலு மணிக்கு ஒரு கிண்ணம் சுண்டல் தின்றுவிட்டு டீக்கடைக்குப் போங்கள், பஜ்ஜி வேறு மாதிரித் தெரியும்.

கணக்கும் சொல்லிவிடுகிறேன். அரை தோசை, நாலு வாய் நூடுல்ஸ், ஒரு துண்டு பூரி, எல்லாம் சேர்த்து ராத்திரிக்கு 200 கலோரி என்று வையுங்கள். ஒரு கிலோ கொழுப்புக்கு 7,700 கலோரி என்பார்கள். அப்படியானால் 39 ராத்திரி. உடம்பு இவ்வளவு நேராகக் கணக்குப் போடாதுதான். ஆனாலும் உங்கள் மூன்று கிலோ எங்கிருந்து வந்தது என்று தேட சோழிங்கநல்லூர்வரை போகவேண்டியதில்லை.

குழந்தை விட்ட அரை தோசை, அது விட்ட நிமிஷமே வீணாகிவிட்டது. அதை நீங்கள் தின்பதால் வரிசையில் நின்ற யாருக்கும் போய்ச் சேரப்போவதில்லை. ஒன்றரைதான் தின்பான் என்று தெரிந்தும் தட்டில் இரண்டு வைக்கிறோமே, அங்கே கையை வையுங்கள். ஒன்று வையுங்கள். கேட்டால் இன்னொன்று வார்க்கலாம். நீங்களே எழுந்துபோய் வார்த்துக் கொடுங்கள், உங்களுக்கும் நடந்த மாதிரி இருக்கும். அரிசி அளக்கிற வேலையையும் ஒரு மாதம் நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள். அளந்துவிட்டு ஒரு பிடியைத் திரும்பப் போடுங்கள். அதற்கு மேலும் மீந்தால், கொட்டுங்கள். கை நடுங்கும், பரவாயில்லை.

இவ்வளவு பேசுகிற நான் கொட்டுவேனா என்றால், மாட்டேன். சின்னக் கிண்ணத்தில் போட்டு பிரிட்ஜில் வைப்பேன். மூன்று நாள் கழித்து முகர்ந்து பார்த்து, ‘ஐயோ, கெட்டுப்போச்சே’ என்று சொல்லிக்கொண்டே நிம்மதியாகக் கொட்டுவேன். நேற்று ராத்திரி அரிசி பருப்புச் சாதம் ஒரு கரண்டி மீந்தது. உங்கள் கடிதத்தை நினைத்துக்கொண்டு, காலையில் காக்காய்க்கு வைத்துவிடலாம் என்று மேடையில் மூடி வைத்தேன். காலையில் வந்து பார்த்தால் கிண்ணம் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறது. இந்த வீட்டில் நானும் எங்கள் வீட்டுக்காரரும் மட்டும்தான். அவருக்கும் சர்க்கரை. கேட்டதற்கு, “கொட்ட மனசு வரலை” என்கிறார்.

தினமும் எடை பார்க்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். அதை அப்புறம் எழுதுகிறேன். இப்போது இவரிடம் கொஞ்சம் பேசவேண்டியிருக்கிறது.