தூக்கத்துக்காக டெபாசிட்டை உடைக்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 66. புராஸ்டேட் வீக்கத்தால் இரவில் நான்கு முறை சிறுநீர் கழிக்க எழுந்திருக்கிறேன். ஆபரேஷன் செய்துகொள்ளலாம் என்கிறார் டாக்டர். என் மருத்துவக் காப்பீட்டில் இதற்கான காத்திருப்புக் காலம் முடிய இன்னும் எட்டு மாதம் இருக்கிறது. டெபாசிட்டை உடைத்து இப்போதே செய்துகொள்ளட்டுமா? ராத்திரி நிம்மதியாகத் தூங்கினால் போதும்.

பதில்: ஐயா, நீங்கள் பணம் போட்டு வாங்க நினைப்பது தூக்கத்தை. இந்த ஆபரேஷன் அதைத் தருமா என்பதை முதலில் பார்த்துவிடுவோம். சிறுநீர் மெலிந்து வருவது, முக்க வேண்டியிருப்பது, விட்டுவிட்டு வருவது எல்லாம் ஆபரேஷனுக்குப் பிறகு நன்றாகக் குறையும். இரவில் எழுந்திருப்பதுதான் மற்றவற்றைவிடக் குறைவாகக் குணமாகிற தொல்லை. நான்கு முறை எழுந்தவர் அதன்பிறகும் இரண்டு மூன்று முறை எழக்கூடும். செலவு செய்தும் தூக்கம் வரவில்லையே என்று பலர் மனம் நொந்துபோவது இங்கேதான்.

காரணம், எல்லாப் பழியும் புராஸ்டேட் மேல் இல்லை. ஒரு அளவுக் குவளை வாங்கி, மூன்று நாள் ஒவ்வொரு முறையும் எவ்வளவு போகிறது, எத்தனை மணிக்கு என்று எழுதுங்கள். காலையில் எழுந்ததும் போவதை இரவுக் கணக்கில் சேருங்கள். ஒரு நாளின் மொத்தம் 1,800 மில்லி, அதில் இரவுக்கு மட்டும் 900 என்று வந்தால், பாதி இரவில்தான் உற்பத்தியாகிறது. உங்கள் வயதில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினாலே அதிகம். கால் வீக்கம், இதயக் கோளாறு, சர்க்கரை, குறட்டையோடு மூச்சு நின்று நின்று வருவது, மாலையில் போடும் நீர் மாத்திரை என்று காரணம் வேறு எங்காவது இருக்கலாம். புராஸ்டேட் சுரப்பியை அகற்றினாலும் இவை அப்படியே இருக்கும். ஒவ்வொரு முறையும் கொஞ்சம்தான் போகிறது, சிறுநீர்ப் பை முழுதாகக் காலியாவதில்லை என்றால் ஆபரேஷனால் பலன் கிடைக்க வாய்ப்பு அதிகம். அந்தத் தாளை டாக்டரிடம் காட்டி, "என் ராத்திரித் தொல்லை எவ்வளவு குறையும்?" என்று நேராகக் கேளுங்கள். விந்து வெளியே வராமல் பின்னோக்கிப் போவது பல முறைகளில் சகஜம், அதையும் கேட்டு வையுங்கள்.

சிறுநீர் அடைப்பு, அடிக்கடி தொற்று, திரும்பத் திரும்ப ரத்தம், பையில் கல், சிறுநீரகப் பாதிப்பு ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் காத்திருக்க வேண்டாம். டெபாசிட்டை உடைக்காமல் அதன்மேல் கடன் கிடைக்குமா என்று பாருங்கள், கிடைக்காவிட்டால் தயங்காமல் உடையுங்கள். அதற்காகத்தான் அந்தப் பணம். இவை எதுவும் இல்லை, மாத்திரையில் சமாளிக்கலாம் என்று டாக்டர் சொன்னால் எட்டு மாதம் பொறுப்பதே என் யோசனை. சுரப்பியைச் சுருக்கும் மாத்திரைக்கு ஆறு மாதமாவது ஆகும், அந்த அவகாசமும் உங்களுக்குக் கிடைக்கும். இருட்டில் கழிப்பறைக்குப் போகும் வழியில் ஒரு சின்ன விளக்கு மட்டும் இன்றே போட்டுவிடுங்கள். தடுக்கி விழுந்து இடுப்பு முறிந்தால் அந்தச் செலவு இதைவிடப் பெரிது.

காத்திருப்பதாக முடிவெடுத்தாலும் ஒரு வேலை இருக்கிறது. பழைய மருந்துச் சீட்டில் புராஸ்டேட் என்று முதலில் எழுதிய தேதியைப் பாருங்கள். அது பாலிசி எடுத்ததற்கு முந்தையது என்றால், விண்ணப்பத்தில் அதைச் சொல்லியிருந்தீர்களா என்று சரிபாருங்கள். சொல்லவில்லையென்றால் எட்டு மாதம் கழித்தும் க்ளைம் மறுக்கப்படலாம். இப்போதே நிறுவனத்துக்கு எழுதி, இந்த ஆபரேஷனுக்கு உச்சவரம்பு எவ்வளவு, அகற்றிய திசுவின் பரிசோதனைச் செலவு அதில் சேருமா என்பதற்கும் எழுத்தில் பதில் வாங்கி வையுங்கள்.