பிசிசியன் அசிஸ்டென்ட் படித்தால் மகளிர் மருத்துவத்திலும் கற்பித்தலிலும் இடம் உண்டா?

தர்மபுரியில் பிளஸ் டூ முடித்த மகள் பிசிசியன் அசிஸ்டென்ட் (மருத்துவருக்கு உதவியாளராகப் பணியாற்றுவதற்கான படிப்பு) படித்து மகளிர் மருத்துவத்தில் பணியாற்றவும், பின்னாளில் கற்பிக்கவும் இயலுமா என்று கேட்டிருக்கிறீர்கள். இயலும், ஆனால் அவர் மருத்துவர் ஆகிவிட மாட்டார். மகப்பேறு மருத்துவரின் மேற்பார்வையில் நோய் வரலாறு எழுதுவதும், இரத்த அழுத்தம் பார்ப்பதும், சிசேரியனில் உதவுவதுமே அன்றாடப் பணி. கடைசி மாதவிடாய் எப்போது என்று கேட்டால் 'மாரியம்மன் பண்டிகைக்கு மறுவாரம்' என்று சொல்லும் பெண்ணிடம் பொறுமையாகப் பேசி, நாள்காட்டியைப் புரட்டி அந்தத் தேதியை உறுதிசெய்து, அதிலிருந்து 280 நாள் கணக்கிட்டுப் பிரசவத் தேதியைக் குறிக்க வேண்டும். ஓசூர்ப் பக்கம் என்றால் தெலுங்கும் கன்னடமும் தெரிந்திருப்பது பெரும் பலம் (இதைப் பாடத்திட்டம் சொல்லித் தராது). கற்பித்தலுக்குச் சில ஆண்டு வார்டு அனுபவமும் முதுநிலைப் படிப்பும் இருப்பது நல்லது. பயிற்சி மாணவர்களுக்கு நோயாளியின் படுக்கையருகே விளக்குவதில்தான் பெரும்பாலும் அது தொடங்குகிறது. சேருமுன் கல்லூரியின் பல்கலைக்கழக இணைப்பைக் கட்டாயம் சரிபாருங்கள்.