மரக்குற்றி வீட்டுக் கிட்: முற்பணம் கட்டலாமா?

கேள்வி: ஹாலிபர்ட்டன் பக்கம் ஏரியோரமாக ஒரு ஏக்கர் காணி வாங்கி வைத்திருக்கிறோம். போன வாரம் ரொறன்ரோவில் ஒரு வீட்டுக் கண்காட்சியில் மரக்குற்றி வீட்டுக் கிட் (அளவாக வெட்டிய மரங்களை வாங்கிப் பூட்டிக் கட்டும் வீடு) பார்த்தோம். விலை 120,000 டொலர். மாத முடிவுக்குள் முற்பணம் கட்டினால் கழிவு உண்டாம். என் மைத்துனருக்குத் தச்சு வேலை தெரியும். கோடையில் நாங்களே கட்டிவிடலாம் என்கிறார். கட்டலாமா?
– ஸ்காபரோ வாசகி

பதில்: வீடு கட்டலாம். முற்பணத்தை மட்டும் இந்த மாதம் கட்டாதீர்கள்; கழிவு போனால் போகட்டும். ஒன்ராறியோவின் 2002ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, விற்பனையாளர் உங்கள் வீட்டுக்கு வந்து கையெழுத்து வாங்கினால் 10 நாளுக்குள் காரணம் சொல்லாமலே ரத்துச் செய்யலாம். கண்காட்சியில் போடும் கையெழுத்துக்கு அந்த உரிமை இல்லை.

அந்த 120,000 எதற்கு என்று பொருள் பட்டியலை வாங்கிப் பாருங்கள். பெரும்பாலும் சுவர்க் குற்றிகள், கூரை மரங்கள், சில கிட்களில் கதவு யன்னல்கள், அவ்வளவுதான். அத்திவாரம், கிணறு, செப்டிக் (வீட்டுக் கழிவுநீரை மண்ணுக்குள் இறக்கும் தொட்டி அமைப்பு), மின்சாரம், குழாய் வேலை, சூடாக்கி, சமையலறை எல்லாம் உங்கள் தலையில். கிட்டுக்கு 13 வீத எச்.எஸ்.டி. வரியும் உண்டு. குடிபுகும்போது மொத்தச் செலவு கிட் விலையைப் போல இரண்டு, மூன்று மடங்கு ஆவது வழக்கம்.

முதலில் காணியைப் பாருங்கள். அந்தப் பக்கமெல்லாம் பாறை. மேலே மண் மெல்லியதாகத்தான் இருக்கும். செப்டிக்குக் கழிவுநீர் இறங்க ஆழமான மண் வேண்டும். இல்லாவிட்டால் லொறி லொறியாக மணல் கொட்ட வேண்டியிருக்கும். படுக்கையறைகளின் எண்ணிக்கையைப் பொறுத்துத்தான் செப்டிக்கின் அளவு. ஏரிக்கரையிலிருந்து எவ்வளவு தள்ளிக் கட்ட வேண்டும் என்பதை நகரசபை சொல்லும். மூன்று அறைக் கிட்டுக்குப் பணம் கட்டிய பிறகு, இரண்டு அறைக்குத்தான் இடம் உண்டு என்று தெரிந்தால் என்ன செய்வீர்கள்? செப்டிக் அனுமதியும் கட்டட அனுமதியும் கிடைக்கும் என்பது உறுதியான பிறகுதான் கிட்.

அடுத்தது உங்கள் மைத்துனருக்கு. மரக்குற்றிச் சுவர் காயக் காயத் தாழும். பச்சை மரமென்றால் எட்டு அடிச் சுவர் ஆறு அங்குலம் வரைகூட இறங்கலாம்; சூளையில் உலர்த்தியதென்றால் மிகக் குறைவு. அதனால் கதவு யன்னலுக்கு மேலே இடைவெளி விட வேண்டும். தூண்களுக்கு அடியில் திருகு ஜாக்கி வைத்து, சுவர் இறங்க இறங்கத் தூணையும் இறக்க வேண்டும். மாடிப்படியையும் குழாயையும் சுவரோடு இறுக்கிப் பூட்டக் கூடாது. சாதாரண மரச்சட்டக வீடு கட்டிப் பழகிய நல்ல தச்சர்களே இங்கேதான் தவறுகிறார்கள். இரண்டாம் வருடம் யன்னல் திறக்காது, கண்ணாடி வெடிக்கும். மரத்தின் ஈரப்பதம் எத்தனை வீதம், எவ்வளவு தாழும் என்று விற்பவரிடம் எழுத்தில் கேளுங்கள். 19 வீதத்துக்குக் கீழே என்றால் நல்லது. முதல் ஒரு கிழமைக்காவது மரக்குற்றி வேலை செய்து பழகிய ஒருவரைச் சம்பளம் கொடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் காசு வீண்போகாது.

கடன் எடுப்பதாக இருந்தால் வங்கியிடம் முன்கூட்டியே பேசுங்கள். கட்டுமானக் கடனை அவர்கள் வேலை முடிய முடியத் தவணையாகத்தான் தருவார்கள்; கிட் விற்பவரோ மரம் வந்து இறங்குமுன் பணம் கேட்பார். நீங்களே கட்டும் வீட்டுக்கு டேரியன் (ஒன்ராறியோவில் புது வீடுகளுக்கான உத்தரவாத அமைப்பு) உத்தரவாதமும் கிடைக்காது.

ஒப்பந்தத்தில் விநியோகத் திகதியைக் கட்டாயம் எழுதச் சொல்லுங்கள். அந்தத் திகதிக்குப் பிறகு 30 நாளாகியும் பொருள் வராவிட்டால், வந்து சேரும்வரை எப்போதும் ரத்துச் செய்யலாம். அப்புறம், உங்கள் காணிப் பாதையில் 53 அடி ட்ரெய்லர் திரும்புமா என்று ஒரு தரம் போய் அளந்து பாருங்கள். திரும்பாவிட்டால் பெருந்தெருவில் இறக்கி, சின்ன லொறியில் ஏற்றி வரும் செலவும் கிரேன் வாடகையும் உங்களுடையதுதான்.