டவர் இல்லாட்டியும் கோடு வருமா?

கே: ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊர்ல இருந்து எழுதுறேன். மக பெரிய யுனிவர்சிட்டில படிக்கிறா, இப்ப லாகின் பண்ண பாஸ்வேர்டோட ஆறு இலக்க கோடும் கேக்குதாம். லீவுக்கு வந்தா எங்க வீட்டுல டவரே நிக்காது, என்ன செய்ய?

ப: எஸ்எம்எஸ்தான்க்கா டவர் கேக்கும், போன்லயே கோடு காட்டுற ஆத்தென்டிகேட்டர் ஆப் கேக்காது. முதல்ல ஆப்ப செட் பண்ண க்யூஆர் ஸ்கேன் பண்றப்பவே ஒரு ரகசிய சாவி போன்ல இறங்கிடும், அப்புறம் அதையும் மணியையும் சேத்து போனே கணக்கு போட்டு 30 செகண்டுக்கு ஒரு நம்பர் மாத்திக்கிட்டே இருக்கும், அங்க லாகின சரிபாக்குற கம்ப்யூட்டரும் (சர்வர்) அதே கணக்கத்தான் போடுது, அதனால நடுக்கடல்ல வல்லத்துல உக்காந்திருந்தாலும் நம்பர் வரும். போன்ல மணி மட்டும் சரியா இருக்கணும். தனுஷ்கோடி பக்கம் போய் இலங்கை டவர் புடிச்சாலும் பயமில்ல, ரெண்டு பக்கமும் ஒரே மணிதான்! லாகின் பண்ண நெட்டு வேணுமே, அதுக்கு மொட்டமாடி ஏறத்தான் வேணும்.