வாரண்டியில் பொய் சொல்லலாமா? வாசகர் கேள்வி-பதில்

வாய்க்காலில் கைப்பேசி விழுந்துவிட்டது. வாங்கி ஏழு மாதம்தான் ஆகிறது. "தானாக அணைந்துவிட்டது என்று சொல்லுங்கள், இலவசமாக மாற்றித் தருவார்கள்" என்கிறார் என் மைத்துனர். அவ்வளவு பெரிய கம்பெனிக்கு இதனால் என்ன நஷ்டம்?
– வாசகர், பாபநாசம்

பெரும்பாலான கைப்பேசிகளுக்குள் தண்ணீர் பட்டால் வெள்ளையிலிருந்து சிவப்பாக மாறும் சிறிய ஒட்டுத்தாள் இருக்கிறது. பல மாடல்களில் சிம் தட்டை உருவிவிட்டு அந்தத் துளைக்குள் டார்ச் அடித்தால் உங்கள் கண்ணுக்கே தெரியும். ஆகவே அந்தப் பொய் நிற்காது. நிற்கும் என்றாலும் சொல்லக் கூடாது என்பதுதான் என் பதில். வாரண்டி என்பது தயாரிப்பில் உள்ள குறைக்குக் கொடுத்த வாக்கு. நம் கை தவறியதற்கு அது பொறுப்பாகாது. நஷ்டம் கம்பெனியோடு நிற்பதும் இல்லை. சர்வீஸ் சென்டர்களில் பல உள்ளூர்க்காரர்கள் ஒப்பந்தத்தில் நடத்துபவை. இலவசமாகப் போட்ட பாகத்துக்குக் கம்பெனி பணம் தர மறுத்தால் அது அவர்கள் தலையில் விழும். அதைவிடப் பெரிய கேடு, பொய்களைக் கேட்டுப் பழகியவர்கள் வருகிற எல்லோரையும் சந்தேகிக்கத் தொடங்குவது. அதற்கு விலை கொடுப்பவர் யார் என்பதைக் குத்தாலம் வாசகியின் கடிதத்தில் பாருங்கள். நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். தண்ணீரில் விழுந்தது என்று தெரிந்தால் உடனே போர்டைத் திறந்து சுத்தம் செய்வார்கள். சில கைப்பேசிகள் அதிலேயே பிழைத்துக்கொள்ளும். மறைத்துவைத்தால் அரிப்பு பரவி அந்த வாய்ப்பும் போய்விடும்.

புதிய ஹெட்போன் ஆர்டர் செய்து, கெட்டுப்போன பழையதை அந்தப் பெட்டியில் வைத்துத் திருப்பி அனுப்பிவிடலாம் என்கிறான் மகன். எல்லோரும் செய்கிறார்களாமே?
– வாசகி, திருவாரூர்

அது திருட்டு. மகனிடம் இன்றே சொல்லிவிடுங்கள்.

நான்கு மாதத்தில் கைப்பேசி சார்ஜ் ஏறவில்லை. தண்ணீர் பட்டதே இல்லை. ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு "வாட்டர் டேமேஜ்" என்று எழுதி 9,000 ரூபாய் கேட்கிறார்கள். நான் பொய் சொல்வதாகவே பேசினார்கள்.
– வாசகி, குத்தாலம்

அம்மா, உண்மையைச் சொன்ன ஒருவர் நாலு பேர் முன்னிலையில் பொய்யராக்கப்படுவது மிகவும் வேதனையானது. பணம் கட்டாதீர்கள். எந்தக் காரணத்தால் வாரண்டி மறுக்கப்படுகிறது என்பதை, பழுதுபார்க்கக் கொடுத்ததற்கு அவர்கள் தரும் ஜாப் ஷீட்டில் எழுதி வாங்குங்கள். கைப்பேசியை உங்கள் எதிரில் திறக்கச் சொல்லி, சிவந்ததாகச் சொல்லப்படும் ஒட்டுத்தாளையும் அரித்ததாகச் சொல்லப்படும் இடத்தையும் ஒவ்வொரு கைப்பேசிக்கும் தனியாக உள்ள ஐஎம்இஐ அடையாள எண்ணையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒட்டுத்தாள் வெள்ளையாகவே இருந்தால் அந்தப் படம் உங்களுக்கு வலுவான சாட்சி. அதை இணைத்துக் கம்பெனிக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். பதில் சரியில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவுசெய்யுங்கள். அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, கம்பெனி எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை. வழக்கறிஞரும் கட்டாயம் இல்லை. இரண்டு ஆண்டுகளுக்குள் போட வேண்டும்.

பில் இல்லாமல் வாங்கினால் விலை குறையும் என்றதால் டிவியை அப்படியே வாங்கினேன். இப்போது திரையில் கோடு. நண்பரிடம் அதே மாடலுக்குப் பில் இருக்கிறது. அதைக் காட்டலாமா?
– வாசகர், மன்னார்குடி

கூடாது. பில் வேண்டாம் என்று காசை மிச்சப்படுத்தியவர்கள், டிவி கெட்ட பிறகு பில்லுக்கு அலைந்து எழுதும் கடிதங்கள் ஓயாமல் வருகின்றன. எனக்குப் பொறுமை குறைந்துவருகிறது. பில் தர மறுப்பது சட்டப்படி நியாயமற்ற வணிக நடைமுறை. கேட்டிருந்தால் சட்டம் உங்கள் பக்கம் நின்றிருக்கும். டிவியின் பின்புறத்தில் உள்ள வரிசை எண்ணைக் கம்பெனியிடம் சொல்லி, உண்மை நிலையை விளக்கிக் கேளுங்கள். பில் இல்லாவிட்டால் தயாரித்த தேதியிலிருந்து வாரண்டியைக் கணக்கிடும் கம்பெனிகளும் உண்டு.

இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஐந்து வருட வாரண்டி என்றார்கள். நான்காம் வருடம் போய்விட்டது, தள்ளுபடிதான் கிடைக்குமாம். வேண்டுமானால் பில் தேதியைத் திருத்தித் தருவதாகக் கடைக்காரரே சொல்கிறார். என்னை ஏமாற்றியவர்களை நான் ஏமாற்றினால் என்ன?
– வாசகர், ஒரத்தநாடு

2018 நவம்பரில் கஜா புயல் அடித்து ஊரே இருட்டில் கிடந்தபின், இன்வெர்ட்டர் வாங்க ஓடிய டெல்டாக்காரர்களில் நானும் ஒருவன். எனக்கும் "60 மாதம்" என்று சொல்லித்தான் விற்றார்கள். அட்டையில் 36+24 என்று இருந்தது. முதல் 36 மாதம் இலவச மாற்று. பிந்தைய 24 மாதம் புதிய பேட்டரி விலையில் ஒரு விகிதக் கழிவு மட்டுமே. அந்தக் கழிவையும் அச்சிட்ட அதிகபட்ச விலையிலிருந்துதான் கழிக்கிறார்கள். கடையில் யாருக்கும் அந்த விலைக்கு விற்பதில்லை. போதாக்குறைக்குப் பழைய பேட்டரியையும் எடுத்துக்கொள்வார்கள். அதைத் தனியாகப் போட்டாலே ஈயத்துக்காக நல்ல விலை கிடைக்கும். எல்லாம் கழித்துப் பார்த்தால் கையில் மிஞ்சுவது அற்பம். இதை "வாரண்டி" என்று பெரிய எழுத்தில் போட்டு, இரண்டு எண்களையும் கூட்டி ஒரே எண்ணாகச் சொல்லி விற்பது மக்களை ஏமாற்றுவதே. இதைச் சொல்வதில் எனக்குத் தயக்கம் கிடையாது.

ஆனாலும் தேதியைத் திருத்த வேண்டாம். இன்று நீங்கள் ஏமாற்றப்பட்டவர். திருத்திய பில்லை நீட்டிய கணத்திலிருந்து போலி ஆவணம் கொடுத்தவர். அதன்பின் அந்தக் கடைக்காரர்மீது நீங்கள் எந்தப் புகாரும் கொடுக்க முடியாது. அவருக்கும் அது தெரியும். பில்லிலோ விளம்பரத்திலோ "60 மாத வாரண்டி" என்று மொத்தமாக எழுதியிருந்தால், அதை வைத்தே 1915இல் புகார் கொடுங்கள். பழைய பேட்டரியை ஒப்படைக்கும் முன், கழிவோடு வாங்கினால் எவ்வளவு, பழையதை விற்றுவிட்டுப் புதிதாக வாங்கினால் எவ்வளவு என்று இரண்டு கடைகளில் கேட்டு எழுதி வாங்குங்கள்.