அரசவையில் ஒரு புனித மரம்

கேள்வி: கற்பனைப் பேரரசு ஒன்றைப் பற்றித் தொடர்கதை எழுதுகிறேன். அரசவை நடுவே நிற்கும் புனித மரம் வீழ்ந்தால் அரசும் வீழும் என்று அமைத்திருக்கிறேன். நம் மரபில் இதற்கு இடமுண்டா?
(வாசகர், காட்பாடி)

பதில்: தாராளமாக உண்டு. சங்ககால மன்னர்கள் காவல் மரம், அதாவது கடிமரம், ஒன்றைத் தம் குலத்தின் உயிராகவே பேணினார்கள். பகைவர் அதை வெட்டுவதும், அதில் தம் யானையைக் கட்டுவதும் மன்னனையே வென்றதற்கு ஒப்பாகும். சேரன் செங்குட்டுவன் மோகூர்ப் பழையனின் வேம்பை வெட்டி வீழ்த்தியதையும், இமயவரம்பன் நெடுஞ்சேரலாதன் பகைவரின் கடம்பை வெட்டி, அம்மரத்தாலேயே முரசு செய்ததையும் பதிற்றுப்பத்து பாடுகிறது. தோற்றவனின் மரம் வென்றவனின் முரசாக ஒலிப்பதைவிடக் கொடிய அவமானத்தை உங்கள் வில்லனாலும் கண்டுபிடிக்க முடியாது. சேரரின் பனை, சோழரின் ஆத்தி, பாண்டியரின் வேம்பு ஆகியவை அவர்கள் சூடிய அடையாள மாலைகள். பலரும் அவற்றைக் கடிமரங்களோடு குழப்பிக்கொள்கிறார்கள், நீங்களும் குழப்பிவிடாதீர்கள்.

ஒரு மரத்தைப் புனிதமாகக் காப்பது எப்படியிருக்கும் என்று நேரில் பார்க்க, பக்கத்திலுள்ள விரிஞ்சிபுரம் மார்க்கபந்தீசுவரர் கோயிலுக்குச் சென்று வாருங்கள். அங்கே தலமரம் பனை.